கடலோர உழைப்பைத் தேடினால் 'தொழிலாளர்' கோப்பில் கிடைக்காது: இராமநாதபுரம் கரைக்கான ஆய்வு வழி

ஆய்வுத்தோணி (இழை தொடக்கம்)

வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவர் தன் இருபத்தைந்து ஆண்டுப் பணிக்காலத்தையும் உழைக்கும் மக்களின் வரலாற்றுக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தால், இராமநாதபுரம் கடற்கரை அதற்குத் தாங்குமா? நினைத்திருக்கும் களம் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, பிறகு கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரை. பிஎச்டி பதிவுக்கான வரைவுத் தலைப்பு "இராமநாதபுரம் மாவட்டத்தில் தொழிலாளர் இயக்கம், 1880–1980".

தலைப்பு நிற்குமா? ஆவணக் காப்பகத்தில் எந்தத் துறைக் கோப்பைக் கேட்பது? மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது? வாய்மொழி வரலாறு எடுக்க என்ன முன்னேற்பாடு வேண்டும்? தெரிந்த பெரியவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஏட்டுப்பூச்சி

தலைப்பிலேயே இரண்டு ஓட்டை இருக்கிறது தம்பி. 1880இல் இராமநாதபுரம் மாவட்டம் கிடையாது. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1910இல்தான் உருவாக்கினார்கள். அதற்கு முந்தைய கடற்கரைச் செய்தி எல்லாம் 'மதுரை மாவட்டம்' என்ற தலைப்பில் கிடக்கும். 1910க்குப் பிறகு எடுத்தாலும் சாத்தூரும் விருதுநகரும் அதே மாவட்டம். 1985இல் சிவகங்கை, விருதுநகர் பிரியும் வரை 'இராமநாதபுரம் மாவட்டத் தொழிலாளர்' என்று வரும் புள்ளிவிவரத்தில் தீப்பெட்டி, பட்டாசு, பஞ்சாலை ஆட்களும் கலந்திருப்பார்கள். அதைக் கடற்கரைக் கணக்கென்று எடுத்தால் ஆய்வு முழுக்கச் சாய்ந்துபோகும். தாலுகா வாரியாக, முடிந்தால் கிராம வாரியாகப் பிரித்து எடுக்கவேண்டும்.

இரண்டாவது ஓட்டை 'இயக்கம்'. சென்னையில் 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. ஆலை, சங்கம், வேலைநிறுத்தம், போலீஸ் அறிக்கை, பத்திரிகைச் செய்தி என்று சங்கிலியாகச் சான்று உண்டு. சென்னை ஐஐடியில் கற்பித்த திலீப் வீரராகவன், பார்வை இழந்த நிலையிலும், 1918–1939 காலத்துச் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தை ஆராய முடிந்ததற்கு அவருடைய உழைப்போடு அந்தச் சங்கிலியும் காரணம். இந்தக் கரையில் சங்கு குளித்தவனுக்கும் கரைவலை இழுத்தவளுக்கும் சங்கப் பதிவேடு இல்லை. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப் பதிவுகளை மட்டும் நம்பினால் ரயில்வேக்காரர்கள் வருவார்கள், மற்றவர்கள் வரமாட்டார்கள்.

அதனால் 'தொழிலாளர்' என்ற சொல்லைத் தேடாமல் வேலையைத் தேடுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மீன்வளம், உப்பு, துறைமுகம், சுகாதாரம், குடிபெயர்வு, ஜமீன் நிர்வாகம், போலீஸ் ஆகியவைதான் உங்கள் தலைப்புகள். தொழிலாளர் ஆணையர் பதவியே 1920இல்தான் வந்தது.

நடைமுறை: நெறியாளரின் பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை, தலைப்பும் கால வரம்பும் எழுதிய விண்ணப்பம் வேண்டும். உள்ளே போனதும் கோப்பைக் கேட்கக்கூடாது, ஆண்டு வாரியான அகரவரிசைப் பொருளடக்கத்தைக் கேட்கவேண்டும். அதிலிருந்து அரசாணை எண், துறை, தேதி மூன்றையும் குறித்துச் சீட்டு எழுதவேண்டும். துறைப் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் சீட்டு திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு துறைக்கும் அதே எண்ணில் ஓர் அரசாணை இருக்கும். வருவாய் வாரிய நடவடிக்கைகள் தனி வரிசை, அதற்குத் தனிப் பொருளடக்கம். குடிபெயர்வு என்ற பொருள் காலத்துக்குக் காலம் துறை மாறிக்கொண்டே இருந்தது. ஓர் ஆண்டில் காணவில்லை என்றால் 'இல்லை' என்று எழுதிவிடாமல், அதே ஆண்டின் மற்றத் துறைப் பொருளடக்கங்களையும் புரட்டுங்கள்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். பழைய ஆங்கிலக் கோப்புகளில் பாம்பன் 'பாம்பென்' என்றும் தேவிபட்டினம் 'தேவிபட்டம்' என்றும் இருக்கும். பாம்பனை 'பி'க்குப் பின் 'ஏ, யு' போட்டும் எழுதியிருப்பார்கள், 'ஏ' மட்டும் போட்டும் எழுதியிருப்பார்கள். ஒவ்வோர் ஊருக்கும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டலைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

தொண்டிமுனை

ஏட்டுப்பூச்சி சொன்னதற்கு ஓர் உதாரணம். சங்கு குளியாளிகளை உழைப்பாளிகளாகக் காட்டும் பழைய சான்றுகளில் மிகத் தெளிவான ஒன்று திருட்டு வழக்கு. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல், சென்னை உயர் நீதிமன்றம், இந்தியச் சட்ட அறிக்கைகள் 27 மெட்ராஸ், பக்கம் 551. 1904 தொகுதி. ஒரு பக்கம் இராமநாதபுரம் ஜமீனின் சங்குக் குத்தகை உரிமை. மறுபக்கம் பாக் விரிகுடாவில் சங்கு எடுத்த ஆட்கள். கடலடியில் யார் கையிலும் இல்லாமல் கிடக்கும் சங்கை எடுத்தால் திருட்டாகுமா என்பதுதான் கேள்வி. ஆகலாம் என்றது தீர்ப்பு.

கடல் எல்லைச் சட்டம் படிப்பவர்களுக்கு இது ஆட்சி எல்லை வழக்கு. உழைப்பு வரலாறு படிப்பவர் அதையே வேறு கண்ணால் வாசிக்கவேண்டும். குத்தகை முறையில் குளியாளி எடுத்த சங்கைக் குத்தகைக்காரரிடம் அவர் வைத்த விலைக்குத்தான் கொடுக்கமுடியும். வெளியே விற்றால் கள்ளச்சங்கு. அப்படியென்றால் 'திருட்டு' என்பது கூலிப் பேரத்தின் இன்னொரு பெயராகவும் இருந்திருக்கிறது. இந்த ஒரு வாசிப்பிலிருந்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தீர்ப்பில் வருவது வழக்கறிஞர்களின் மொழி. குளியாளி பேசியது கீழ் நீதிமன்றச் சாட்சியத்தில் இருந்திருக்கும், சட்ட அறிக்கையில் அது பாதி வரியாகச் சுருங்கிவிடும். ஆகவே சட்ட அறிக்கையோடு நிறுத்தாமல், அதே ஆண்டுகளின் வருவாய் வாரிய நடவடிக்கைகளில் சங்குக் குத்தகை ஏலம், குத்தகைத் தொகை, புகார் மனுக்கள் ஆகியவற்றைத் தேடிப் பக்கத்தில் வைக்கவேண்டும். மீன்வள அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய அறிக்கையில் தொழில் நுட்பமும் வணிகமும் விரிவாக உண்டு. அதையும் அரசு வருமானத்தைப் பெருக்கவந்த அதிகாரியின் கண் என்று நினைவில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும்.

முத்துக் குளிப்பு இன்னும் சிக்கல். கீழக்கரை, தொண்டி ஆட்கள் மன்னார்ப் பக்கம் போய்க் குளித்திருக்கிறார்கள். அதனால் கணக்கு இலங்கைப் பக்கம் இருக்கிறது. அங்கே எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. 1905இல் பெரும் விளைச்சல். 1906இல் லண்டன் கம்பெனிக்குக் குத்தகை, 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் சிப்பியே இல்லை. கூலியாகப் பணம் வராமல் சிப்பியாக வரும்போது குளியாளி சூதாட்டக்காரனாகவும் ஆகிவிடுகிறான். சிப்பியைத் திறக்குமுன் ஏலத்தில் விற்றானா, திறந்து பார்த்தானா என்பதைப் பொறுத்தது அவன் வருமானம். 'நாள் கூலி எவ்வளவு' என்று அட்டவணை போட்டால் இது அதில் அடங்காது.

கண்டிச்சீமை

மண்டபம் பெயர்ப் பட்டியல் கேள்விக்கு நேரடிப் பதில்: மொரீஷியஸ், நேட்டால், பிஜி போனவர்களுக்கு இருப்பதுபோல ஆளுக்கு ஆள் கப்பல் பட்டியல் இலங்கைக்கு எதிர்பார்க்கக்கூடாது. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1847ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இலங்கையைக் குடிபெயர்வுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவிட்டது. ஒப்பந்தக் கூலியாகப் பதியாமல் கங்காணி (ஆள் சேர்த்து மேற்பார்க்கும் தலைவர்) கூட்டிக்கொண்டு போகலாம். குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி முன் நிறுத்தி, அங்க அடையாளம் எழுதி, எண் போட்டு ஏற்றும் வேலை இல்லை. 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வந்த பிறகுதான் இலங்கையும் மலேயாவும் அந்த வளையத்துக்குள் வந்தன.

காலவரிசையைச் சுருக்கமாகச் சொன்னால், காப்பித் தோட்டக் காலத்தில் பாம்பன், தேவிபட்டினம், தொண்டி போன்ற சிறு துறைகளிலிருந்து தோணியில் மன்னார். அங்கிருந்து காட்டுப் பாதையாக மாத்தளை வரை நடை. 1904இல் தோட்ட முதலாளிகளின் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் திறந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம், தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல். அதன்பின் மண்டபம் முகாம்தான் வாசல். அம்மை குத்துதல், கொக்கிப்புழு மருந்து, தனிமைப்படுத்தல் எல்லாம் அங்கே. முகாம் இந்திய மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசு. 1939 ஆகஸ்ட் 1 முதல் பயிற்சியில்லாத் தொழிலாளர் போவதை இந்திய அரசு தடை செய்தது. 1947 பிப்ரவரியில் தொடங்கிய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பிறகு அதே மண்டபம் முகாமுக்கு வந்தது. 1964 அக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கும் மண்டபமே வாசல். 1983க்குப் பின் அகதிகள்.

முகாமை நடத்தியது இலங்கை என்பதால் ஆவணத்தின் பெரும்பகுதி கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் நிர்வாக அறிக்கைகள், சட்டசபைத் தாள்கள், மன்னார்க் கச்சேரி (அரசு நிர்வாக அலுவலகம்) நாட்குறிப்புகள் என்று கிடக்கும். சென்னைப் பக்கம் 1917இல் மார்ஜரிபாங்க்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் சமர்ப்பித்த அறிக்கை, 1923 முதல் கண்டியில் இருந்த இந்திய அரசுப் பிரதிநிதியின் ஆண்டறிக்கைகள், இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரித்த 1929–31 விட்லி ஆணையத்தின் சாட்சியத் தொகுதிகள்.

இன்னொன்று, பல ஆய்வேடுகளில் தகர டிக்கெட்டையும் துண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள். தகர டிக்கெட் என்பது போகும் வழிக்கு. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரம், கழுத்தில் கட்டியிருப்பார்கள், வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். துண்டு என்பது ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது. 'இவ்வளவு கடன் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுகிறேன்' என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல் சட்டம் போட்டு ஒழித்தது துண்டைத்தான். ஒன்று போக்குவரத்து, ஒன்று கடன். இரண்டையும் கலந்தால் அடிமைத்தனம் எந்த இடத்தில் இருந்தது என்பதே மங்கிப்போகும்.

மண்டபம்சந்தி

ஒரு மாற்றுக் கருத்து. இலங்கைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். அவர்கள் இந்தக் கரையில் சில நாள் தங்கிப் போனவர்கள். மண்டபம் முகாமை 'இராமநாதபுரம் கடற்கரை உழைப்பு வரலாறு' என்று எழுதினால், ரயில் ஜங்ஷனில் வண்டி மாறியவர்களை அந்த ஊர்க்காரர் என்று எழுதுவது மாதிரி. கரையில் நிரந்தரமாக இருந்த வேலைக்காரர்களை இது மறைத்துவிடும்.

கண்டிச்சீமை

பாதி ஒப்புக்கொள்கிறேன். முகாமுக்குள் இருந்த பயணிகளை மட்டும் எழுதினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் முகாமுக்குச் சமைத்தவர், துப்புரவு செய்தவர், தண்ணீர் சுமந்தவர், அரிசி ஒப்பந்தம் எடுத்தவர், தனுஷ்கோடியில் மூட்டை ஏற்றிய சுமைகாரர் எல்லாம் இந்தக் கரையின் ஆட்கள்தானே. அவர்கள் கூலிப் பட்டியல் 'தொழிலாளர்' என்ற தலைப்பில் வராது. 'தற்செயல் செலவினம்', 'ஒப்பந்தம்' என்ற தலைப்பில் வரும். நிர்வாக அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் செலவு அட்டவணையை முதலில் வாசிக்கவேண்டும் என்பது அதனால்தான்.

மண்டபம்சந்தி

அது சரி. அப்படியென்றால் தலைப்பிலேயே 'முகாமின் பணியாட்கள்' என்று வந்துவிடவேண்டும். இல்லையென்றால் அத்தியாயம் எழுதும்போது பயணிகளின் கதை உருக்கமாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

பசலிக்கணக்கு

அளவும் நாணயமும் பற்றி யாரும் பேசவில்லை. கூலி வரலாறு எழுதுபவர்கள் கவிழும் இடம் இதுதான்.

இராமநாதபுரம் சமஸ்தானத்தின் (ஜமீன்) கணக்கு, ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டான பசலியில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் கிறித்துவ ஆண்டு. பசலி 1310 என்றால் 1900 ஜூலை 1 முதல் 1901 ஜூன் 30 வரை. 'பசலி 1310 = 1900' என்று ஒரே ஆண்டாகப் போட்டால், 1901 ஜனவரியில் கட்டிய குத்தகைத் தவணை ஒரு வருடம் முன்னால் போய்விடும். கீழக்கரை வணிகக் குடும்பங்களின் ஏடுகளில் ஹிஜ்ரி ஆண்டும் அறபுத்தமிழும் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) வரும். அதற்குத் தனியாக வாசிப்புப் பயிற்சி தேவை.

நிறுத்தல்: உப்புத் துறைக் கணக்கில் வரும் மணங்கு இந்திய மணங்கு. 82 2/7 ராத்தல் (பவுண்டு), ஏறத்தாழ 37.3 கிலோ. சந்தைக் கணக்கில் வரும் சென்னை மணங்கு 25 ராத்தல், 11.3 கிலோ. இருபது சென்னை மணங்கு ஒரு கண்டி, 500 ராத்தல், 227 கிலோ. 'மணங்குக்கு இவ்வளவு வாருகூலி' என்ற வரியில் எந்த மணங்கு என்று பார்க்காவிட்டால் கூலி மூன்று மடங்குக்கு மேல் பிசகும்.

நாணயம்: சென்னையில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. இலங்கையில் 1872 முதல் ரூபாய்க்கு 100 சதம். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள்கூலி 54 சதம். அது இந்தியக் கணக்கில் 8 அணா 8 தம்பிடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதைக் கரையில் கிடைத்த அணாக் கூலியோடு நேராக ஒப்பிடக்கூடாது. தோட்டத்தில் அரிசியைக் கணக்கில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள். அரிசி விலையைச் சேர்த்துத்தான் ஒப்பிடவேண்டும்.

உப்பளக் கோப்பு வாசிக்க உப்பு விளையும் முறையும் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். கடல்நீர் பாமே அளவில் (உப்புச் செறிவைக் காட்டும் அளவு) 3 முதல் 3.5 டிகிரி. பாத்தி மாற்றி மாற்றிக் காயவைத்து 25 டிகிரி வரும்போது உப்பு உறையும். 29–30க்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புச் சேர்ந்து கசக்கும், அதற்குள் நீரை வடிக்கவேண்டும். ஆக, வாரும் நாள் முதலாளி விருப்பம் இல்லை, வெயிலின் விருப்பம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலையே இல்லை. ஆண்டுக் கூலியை நாள்கூலி பெருக்கல் 300 என்று போடும் ஆட்கள் இருக்கிறார்கள். உப்பளத்துக்கு அது சுத்தப் பொய்க்கணக்கு. வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் தமிழ்நாடு உப்புக் கழகம் 1974க்குப் பின் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே படிவத்தில் கணக்கு இருக்காது.

கரைவலைமடி

வாய்மொழி வரலாறு பற்றி.

எப்போது போவது என்பதிலேயே பாதி வெற்றி. இராமேசுவரம் விசைப்படகு ஆட்கள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போவார்கள். மறுநாள் காலை வந்து மீன் இறக்குவார்கள். அன்று மைக்கை நீட்டினால் தூக்கக் கலக்கத்தில் பேசுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் விசைப்படகு ஆட்களோடு நிதானமாகப் பேச ஏற்ற காலம். ஆனால் அப்போது பலர் வேறு கரைக்குப் பிழைக்கப் போயிருப்பார்கள். கரையில் மிஞ்சியவர்களை மட்டும் கேட்டால் வயசாளிகளின் கதை மட்டும் வரும். பாம்பன், தங்கச்சிமடம் கிறித்தவ ஊர்களில் ஞாயிறு, கீழக்கரைப் பக்கம் வெள்ளி மதியம், இவற்றைப் பார்த்து நாள் குறியுங்கள். கீழக்கரையில் வயதில் மூத்தவரைக் 'காக்கா' என்றும் மூத்த பெண்ணை 'லாத்தா' என்றும் கூப்பிட்டால் பேச்சு இயல்பாக ஓடும். 'சார்' போட்டால் அரசு ஆள் என்று நினைத்து மனு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆண்டு கேட்காதீர்கள். 'எந்த வருசம்' என்றால் யாருக்கும் தெரியாது, தெரிந்ததாகச் சொன்னால் நம்பவும் கூடாது. புயலுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடி போன நாள், இந்தக் கரையின் கி.மு., கி.பி. அதுதான். அடுத்த நங்கூரங்கள்: ரோட்டுப் பாலம் திறந்தது (1988), அகதிகள் வந்தது, தலைமன்னார்க் கப்பல் நின்றது. மாதத்துக்குக் காற்றைக் கேளுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான். 'வாடையில் எந்த வலை, கச்சானில் யார் வேலைக்கு வந்தார்கள்' என்றால் பருவ வேலைப் பட்டியல் தானாக விழும்.

கூலி கேட்கும்போது 'எவ்வளவு கிடைக்கும்' என்று கேட்பது வீண். பங்கு முறையில் 'எதை முதலில் கழிப்பார்கள்' என்பதே கேள்வி. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மீன் ஒரு லட்சத்துக்கு விற்றது. டீசல், ஐஸ், சாப்பாடு 60,000 கழித்தால் 40,000. அதில் நூற்றுக்கு 40 ஆட்களுக்கு என்றால் 16,000, ஐந்து பேருக்கு ஆளுக்கு 3,200. வலை பழுதுச் செலவு 10,000ஐயும் பங்கு பிரிக்குமுன் கழித்துவிட்டால் மிச்சம் 30,000, ஆட்களுக்கு 12,000, ஆளுக்கு 2,400. விகிதம் மாறவே இல்லை, ஆளுக்கு 800 போய்விட்டது. பல தகராறு இந்தக் கோட்டைப் பற்றியதுதான், விகிதத்தைப் பற்றியது இல்லை. ஆண்டுக்கு ஆண்டு எந்தச் செலவு கோட்டுக்கு மேலே ஏறியது என்று தொடர்ந்து எழுதினால் அதுவே உழைப்பு வரலாறு. முன்பணத்தையும் அப்படியே கேளுங்கள்: யார் கொடுத்தது, படகு மாறினால் புது முதலாளி கட்டுவாரா? கண்டிச்சீமை சொன்ன துண்டுச் சீட்டு வேறு உருவத்தில் நிற்பது தெரியும்.

கருவி: பேச்சைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். கரையில் காற்று கொல்லும். மைக்குக்கு ரோமமூடி இல்லாமல் திறந்த வெளியில் எடுத்தால் பாதி வாக்கியம் 'உர்ர்' என்றுதான் இருக்கும். ஓலைப்பந்தலுக்குள், காற்றுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, மைக்கை வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். ஒரு மணிநேரப் பேச்சை எழுத ஆறு முதல் எட்டு மணிநேரம் ஆகும், கடற்கரைப் பேச்சு பழகாதவருக்கு இன்னும் கூடும். முப்பது பேட்டி எடுத்துவிட்டு எழுதாமல் வைத்திருப்பதைவிட எட்டு பேட்டி எடுத்து எழுதி, இரண்டாம் முறை போய்ச் சந்தேகம் கேட்பது மேல். இரண்டாம் சந்திப்பில்தான் கடன் பற்றிய உண்மை வரும்.

இன்னொரு கட்டாயம். எல்லை தாண்டியது, கள்ளத்தோணி, தடைசெய்த கடல் அட்டை பற்றிப் பேச்சு வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் கேட்கலாமா என்று அனுமதி வாங்குங்கள். பெயரையும் படகு எண்ணையும் எழுத்துப் பிரதியிலேயே மாற்றிவிடவேண்டும். ஆய்வேடு வழக்கில் சான்றாக வரக்கூடாது.

மரிக்கொழுந்து

கரைவலைமடி அண்ணே, எல்லாம் விசைப்படகு கணக்காகவே இருக்கு. கடற்பாசி எடுக்கும் பெண்களை யாரும் சொல்லவில்லை.

சின்னப்பாலம், வேதாளைப் பக்கம் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி போட்டு, விரலில் துணி சுற்றி, பாறையிலிருந்து பிய்த்து இடுப்புப் பையில் சேர்ப்பது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் வேலை நாட்கள். அப்போது போனால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். இடைப்பட்ட அட்டமி, நவமியில் போங்கள். வியாபாரி எடைபோடும் இடத்திலும் ஒருநாள் நில்லுங்கள். ஈரப் பாசியா காய்ந்ததா, மண் கழிவு என்று எத்தனை கிலோ கழிக்கிறார், இதுதான் அவர்கள் கூலியைத் தீர்மானிக்கிறது.

அரசு ஆவணத்தில் இவர்களைத் தேடினால் வனத்துறையில்தான் கிடைப்பார்கள். 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள், 21 தீவு, 560 சதுர கிலோமீட்டர். அன்றிலிருந்து தீவில் பாசி எடுப்பது 'அத்துமீறல்'. தொண்டிமுனை சொன்ன 1904 வழக்கில் சங்கு எடுத்தவன் திருடன் ஆன மாதிரியேதான். எண்பது ஆண்டு இடைவெளி, துறை மட்டும் மாறியிருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கும் கைகொடுக்காது. 1931 கணக்கில் 'சம்பாதிப்பவர்', 'வேலைசெய்யும் சார்ந்திருப்போர்', 'வேலைசெய்யாத சார்ந்திருப்போர்' என்று மூன்று வகை. கருவாடு காயவைப்பவள், வலை பின்னுபவள், ஓலை முடைபவள் எந்த வகையில் விழுவாள் என்பது எழுதவந்த கணக்கெடுப்பாளரைப் பொறுத்தது. அதற்கு முந்தைய, பிந்தைய கணக்கெடுப்புகளில் வகையே வேறு. அதனால் 'பெண் தொழிலாளர் குறைந்தனர்' என்று வரும் எந்த வரைபடத்தையும் முதலில் வகைமாற்றமா என்று சோதிக்காமல் எழுதாதீர்கள். தொழில் பத்தியில் சாதிப் பெயர் போட்டுவிட்ட பழைய பதிவேடுகளும் உண்டு. இன்ன சாதி என்றால் இன்ன வேலை என்று அதை வைத்து முடிவுகட்டுவது பெரிய தவறு. ஒரே ஆள் வாடையில் வலை, கோடையில் பனை, இடையில் சீமைக்கருவேலக் கரிமூட்டம் என்று இருப்பது இந்த மாவட்டத்தில் சாதாரணம்.

ஆய்வுத்தோணி

மிக்க நன்றி, அக்கா, ஐயாமார்களே. ஒரு சந்தேகம். தனுஷ்கோடியில் சுங்கம், துறைமுகம், ரயில்வே அலுவலகங்கள் எல்லாம் புயலில் போய்விட்டன. அங்கே வேலைசெய்த சுமைகாரர்கள் பற்றி எழுதவே முடியாதா?

ஏட்டுப்பூச்சி

ஓர் அலுவலகம் அழிந்தால் அது யாருக்கு எழுதியது என்று பாருங்கள். தனுஷ்கோடி நிலையத்திலிருந்து போன அறிக்கை, தென்னிந்திய ரயில்வே தலைமையகத்துக்குத் திருச்சி போனது. 1928 ஜூலை ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது பாதை நெடுகப் போலீஸ் அறிக்கைகள் சென்னைக்குப் போயின. சுங்கக் கணக்கு மேலலுவலகத்துக்கு. கப்பலின் மறுமுனை தலைமன்னார். அந்த நகல் இலங்கையில். பத்திரிகைகளில் சுதேசமித்திரனும், 1930க்குப் பின் வீரகேசரியும் பாருங்கள். இலங்கைப் பத்திரிகையில் மண்டபம், தனுஷ்கோடி பற்றி வரும் சிறு செய்திகள் சென்னைப் பத்திரிகைகளைவிட அடிக்கடி இருக்கும், வாசகர்கள் அந்த வழியாகப் போய்வந்தவர்கள்.

1947க்குப் பிந்தைய அலுவலகக் கோப்புகளுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. 'தகவல் தாருங்கள்' என்று எழுதாமல் 'கோப்பை நேரில் பார்வையிட அனுமதி' என்று எழுதுங்கள், பார்வையிடுவதும் சட்டத்தில் உள்ள உரிமைதான். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட விஷயங்களுக்கு விலக்குகள் பெரும்பாலும் பொருந்தாது, பிரிவு 8(3). அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். 'கோப்பு அழிக்கப்பட்டது' என்று பதில் வந்தால் அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கோப்பின் தலைப்பாவது அதில் கிடைக்கும், சில நேரம் அதுவே போதும்.

மணியடித்தபிறகு

பணிக்காலக் கணக்கையும் யாராவது சொல்லவேண்டும் அல்லவா. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேர நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. அதற்கு மேல் தேர்வு, நாக் (கல்லூரித் தரமதிப்பீடு) ஆவணம், சேர்க்கைக் குழு. வகுப்பு நடக்கும் பருவத்தில் சென்னைக் காப்பகத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து போவது நடக்காத காரியம். ஆகவே காப்பக வேலையைக் கோடை விடுமுறைக்கும் கள வேலையைப் பருவ நாட்களுக்கும் பிரிக்கவேண்டும். நல்லவேளை, மீன்பிடித் தடைக்காலம் விடுமுறையோடு ஒட்டி வருகிறது. சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் ஒரே மாதம். ஓர் ஆண்டு சென்னை, ஓர் ஆண்டு கரை என்று மாற்றி வைத்துக்கொள்வதே நடைமுறை.

பிஎச்டிக்கு ஒரு வேலை, ஓர் ஒப்பந்த முறை, முப்பது நாற்பது ஆண்டு. அதற்கு மேல் போகாதீர்கள். 'சங்குக் குத்தகையும் குளியாளிகளும், 1890–1930' என்றால் நான்கு ஆண்டில் முடியும். நூறாண்டு, எல்லாத் தொழிலும் என்றால் முன்னுரை எழுதவே நான்கு ஆண்டு ஆகும். அடுத்த கட்டம் மண்டபம் முகாமின் பணியாட்கள், அதற்குக் கொழும்புப் பயணமும் விசாவும் பணமும் வேண்டும், பிஎச்டி காலத்தில் முடியாது. பாசி, விசைப்படகு போன்ற அண்மைக் காலத் தலைப்புகளுக்கு ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே பேட்டியை எடுத்து வைத்துவிடவேண்டும், எழுதுவது பிறகு. 1964க்கு முன் தனுஷ்கோடியில் பெரியவராக வேலை பார்த்த ஒருவருக்கு இன்று எண்பதுக்கு மேல். வரிசை காலவரிசைப்படி இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

இந்திய அளவில் 1996இல் தொடங்கிய தொழிலாளர் வரலாற்றாளர் சங்கம் இருக்கிறது. நொய்டாவில் வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிலாளர் ஆவணக் காப்பகமும் உண்டு. கருத்தரங்குக் கட்டுரை ஆங்கிலத்தில் போகட்டும். ஆனால் கரையில் எடுத்த பேட்டிகளின் தமிழ் எழுத்துப் பிரதி ஒன்று அந்த ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ இருக்கவேண்டும். பேசியவர் தன் பேச்சைப் படித்துத் திருத்தச் சொல்லும்போது கிடைக்கும் தகவல் தனி.

இளங்கலை மாணவர்களை வைத்து வேலை வாங்குவதில் கவனம். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டாரையே பேட்டி எடுப்பார்கள். தகவல் அருமையாக இருக்கும், ஆனால் கடன், முன்பணம் பற்றிய பகுதியில் மௌனம் வரும். அந்தப் பகுதியை வேறு ஊர் மாணவர் கேட்கட்டும்.

ஆய்வுத்தோணி

தலைப்பு மாற்றம்: "சங்குக் குத்தகையும் குளியாளிகளும்: பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, பசலி 1300–1340". சரியா?

பசலிக்கணக்கு

பசலி 1300 என்றால் 1890 ஜூலை தொடக்கம். 1340 முடிவது 1931 ஜூன். தலைப்பில் பசலி போட்டால் பதிவுக் குழு கேள்வி கேட்கும். 1890–1931 என்று போட்டுவிட்டு, உள்ளே அட்டவணைகளில் பசலியை வையுங்கள். இன்னொன்று, 1910க்கு முன் 'மதுரை', பின் 'இராமநாதபுரம்' என்று பொருளடக்கம் மாறும் அந்த ஆண்டை இரண்டு பெயரிலும் தேடுங்கள். 1909, 1910, 1911 மூன்றுக்கும்.

தொண்டிமுனை

மனுக்களைத் தேடும்போது குத்தகைக்காரர் பெயரில் தேடுங்கள். குளியாளி பெயரில் பொருளடக்கம் போட்டிருக்கமாட்டார்கள்.